பேரும் நாளும்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். ஓட்டில் மழை பெரிதாக விழுகிறது, என் குரல் அவ்வளவு பெரிதில்லை. இன்றைக்கு ஒரு தாயின் கதை சொல்கிறேன். நடுவில் பயம் வரும். வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட வேண்டாம். கையைப் பற்றிய கதைதான் இது.

திருவனந்தபுரத்து வலியசாலைத் தெருவில், பக்கத்து வீட்டோடு ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு, ரயில்பெட்டி போல நீளமாகப் பின்னால் போகிற வீடு அது. வாசலில் நின்றால் கடைசியில் முற்றத்து வெளிச்சம் ஒரு துண்டாகத் தெரியும். விஜயலக்ஷ்மி அங்கே வாரத்தில் ஐந்து நாள் தனியாக இருந்தாள். கணவர் ஹரிஷங்கருக்குப் பாலக்காட்டில் வங்கி வேலை. சனிக்கிழமை வருவார், திங்கள் விடியலில் போய்விடுவார். ஒரே மகள் ஜானவி போன வருஷம் கர்க்கடகத்தில், அதாவது ஆடி மழையில், இருபது வயதில், எலிக்காய்ச்சலில் போய்விட்டாள்.

இந்தக் கர்க்கடகத்தில் ஒரு வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெருவோரச் சாக்கடை நிறைந்து ஓடுகிற சத்தமும், எங்கோ ஒரு வீட்டில் தேங்காய் எண்ணெயில் கடுகு வெடிக்கிற வாசனையும், நனைந்த சுவர்களின் பழைய சுண்ணாம்பு மணமும் சேர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தன. கதவைச் சாத்த வந்த விஜயலக்ஷ்மி, நிலைக்கட்டையில் தன் தோள் உயரத்தில் சந்தனத்தைப் பார்த்தாள். மூன்று விரல்கள் சேர்ந்து இழுத்த மூன்று கோடுகள். தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

ஜானவிக்கு அந்தப் பழக்கம் உண்டு. கோவிலிலிருந்து வந்தால், நெற்றிக்கு இட்டது போக விரலில் மிஞ்சியதை அந்த மரத்தில்தான் துடைப்பாள். "துணி இருக்கு, தண்ணி இருக்கு, நோக்கு மரம்தான் கெடச்சுதா" என்று விஜயலக்ஷ்மி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். ஆனால் இந்தக் கோடுகள் பழையவை அல்ல. போன வருஷத்துக் கறைகளை அவளே, பதிமூன்று நாள் கழிந்த பிறகு, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். கழுவியதற்கு அன்றே அழுதும் இருந்தாள்.

போன வாரம் வாசற்படியில் கிடந்த வாழையிலைத் துண்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதிலும் இதே சந்தனம், இரண்டு துளசி, ஒரு தெச்சிப்பூ.

"பக்கத்தாத்து மாமி வெச்சிருப்பா," என்றார் ஹரிஷங்கர் போனில். "யாருக்காவது பிரசாதம் கொடுக்காட்டா அவாளுக்குத் தூக்கம் வராதே."

"மாமி பொண்ணாத்துக்குத் திருச்சூர் போயிருக்கா. பத்து நாளாச்சு."

"அப்போ காக்காயாக்கும்."

"காக்கா எலையை மடிச்சுண்டு வருமா?"

"வலியசாலைக் காக்கா எல்லாம் பண்ணும், விஜி. நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை. அவருக்கும் அது தெரியும்.  இந்த ஒரு வருஷமாக அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் அப்படித்தான்.

அவளுடைய வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேலே, மூன்றாம் மாடியில் ஒரு சின்னக் கம்பெனி. மற்றவர்களுடைய இணையப் பக்கங்களில் பதித்து வைக்கிற சின்னஞ்சிறு நிரல்களை அங்கே செய்தார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள், பக்கத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி. பேரைக் கேட்கும், தேதியைக் கேட்கும், ரசீது தரும். அந்தப் பெட்டி சரியாக நடந்துகொள்கிறதா என்று சோதிப்பது விஜயலக்ஷ்மியின் வேலை. அதற்கு ஒரு கருவி உண்டு, வ்யூவர் என்பார்கள். பெட்டியை அதன் பக்கத்திலிருந்து பிடுங்கி எடுத்து, சுற்றிலும் ஒன்றுமில்லாத சாம்பல்நிறச் சதுரத்துக்குள் வைத்து ஓட்டுகிற கருவி. பிரவுசரும் கிடையாது, பக்கமும் கிடையாது. பெட்டிக்கு மட்டும் அது தெரியாது. இதுதான் பக்கம், இன்றைக்கு இன்ன தேதி, இதோ ஒரு பக்தர் என்று கருவி பொய் சொல்லும். பெட்டி நம்பும். வீடு இல்லாத இடத்தில் வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும். மகள் போன பிறகு அந்தச் சாம்பல் சதுரத்தை, வேலை முடிந்த நொடியே விஜயலக்ஷ்மி மூடிவிடுவாள்.

சந்தனம் பார்த்த அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு வாரத்துக்கு முன் ஒரு கோவில் பெட்டி வந்தது. கிள்ளிப்பாலத்துக்கு அப்புறம், ஆற்றை ஒட்டி இருக்கிற சின்னச் சிவன் கோவிலுக்கு. மிருத்யுஞ்ஜய புஷ்பாஞ்சலி, அதாவது சாவை விலக்கி ஆயுளை நீட்டச் சொல்லிப் பூப்போடுகிற வழிபாடு, அதை வீட்டிலிருந்தே பதிவு செய்வதற்கான பெட்டி. பெட்டி முதலில் கேட்டது: பேர். அடுத்தது: நாள். இந்த ஊரில் நாள் என்றால் நட்சத்திரம்.

சோதனைக்கு ஏதாவது பொய்ப் பேர் போட வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். ஆனால் இந்த ஊர்த் தாய்மார்களின் வாயும் விரலும் வேறு வழக்கம் உடையவை. இருபது வருஷம், எத்தனை கோவில், எத்தனை கவுண்டர். கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பவன் "பேரு, நாளு" என்றால், யோசிக்கும் முன்பே வருவது ஒன்றுதான். விஜயலக்ஷ்மியின் விரல்கள் அடித்தன: ஜானவி, ரேவதி.

அடித்ததைப் பார்த்தாள். அழிக்க மனம் வரவில்லை. பொய் வீடுதானே, பொய்க் கோவில்தானே, அங்கேயாவது இருக்கட்டுமே.

பிறகு எத்தனை நாளைக்கு என்று கேட்டது பெட்டி. சோதிப்பவர்கள் எல்லையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பூஜ்யம் போட்டாள், மறுத்தது. ஒன்று போட்டாள், ஏற்றது. கடைசியாக, இடம் கொண்ட மட்டும் ஒன்பதுகளை நிரப்பினாள். 99999. இவ்வளவை மறுத்திருக்க வேண்டும். பெட்டி ஏற்றுக்கொண்டது. 'மேல்வரம்பு இல்லை' என்று குறிப்பேட்டில் குறை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனாள். பதிவை ரத்து செய்ய முடியுமா என்று பார்த்தாள். யார் பேரில் வழிபாடோ அவரே நேரில் வர வேண்டும் என்றது. அது கோவில் வைத்த விதி, சரியாக இருந்தது. தேர்ச்சி என்று குறித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சந்தனக்கோடு ரேழியைத் தாண்டியிருந்தது. கூடத்துத் தூணில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹரிஷங்கர் ஊரில் இருந்த அன்று புதிதாக எதுவும் இல்லை. அவர் தூணில் இருந்த கோட்டைத் தடவிப் பார்த்து, "நன்னா ஒறங்கு, விஜி" என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை அடுக்களை வாசலில். மழையில் எதுவும் காயாத மாதம் என்பதால் ஒவ்வொரு கோடும் மங்காமல், வீட்டின் நீளத்தில் ஒன்றன்பின் ஒன்றாக, யாரோ இருட்டில் தடவித்தடவி வழி கண்டுபிடித்து வருவது போல நின்றது. பச்சை இலையின் மணம். சந்தனத்தின் மணம். அவற்றுக்கு அடியில் மெல்லியதாக இன்னொன்று, கை கழுவக் கொடுப்பார்களே, ஆஸ்பத்திரி வராந்தாவில், அந்த நீல மருந்தின் மணம்.

செவ்வாய்க்கிழமை அந்திக்குச் சத்தம் வந்தது.

மின்சாரம் போயிருந்தது. விசிறி நின்று, குளிர்பெட்டி நின்று, வீடு தன் எல்லா முனகல்களையும் நிறுத்தியிருந்த அமைதியில், ஜானவியின் அறையிலிருந்து நீளமாக ஒரு காற்று. ஹ்ஸ்ஸ். பிறகு ஒரு சிறு டக். மறுபடி ஹ்ஸ்ஸ். டக். பதினோரு நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அவள் கேட்ட சத்தம். ஜானவிக்காக மூச்சு விட்ட இயந்திரத்தின் சத்தம்.

  ஆஸ்பத்திரியின் அந்த நான்காம் நாள் அவளுக்குத் திரும்ப வந்தது. அன்றைக்கு ஜானவி கண் திறந்தாள். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. மூன்று விரலைச் சேர்த்துக் காற்றில் அசைத்தாள். நர்ஸ் அட்டையும் பேனாவும் கொடுத்தாள். பள்ளியில் மலையாளம் படித்த பெண், அம்மாவுக்கு என்றால் மட்டும் தமிழில் எழுதுவாள். 'போ' என்று எழுதினாள். பேனா நழுவிவிட்டது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி 'போ', மறுபடி நழுவியது. அப்புறம் கண் மூடினாள், திறக்கவேயில்லை.

போதும் என்று எழுத வந்தாளா? போகாதே என்றா?

பதினோராம் நாள், இனி இயந்திரம் மட்டும்தான் என்று டாக்டர்கள் சொன்னபோது, ஹரிஷங்கர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் விஜயலக்ஷ்மி. போதும் என்றுதான் எழுத வந்தாள் என்று முடிவு செய்துகொண்டு போட்டாள். அந்த முடிவின் மேல்தான் இந்த ஒரு வருஷமும் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

மின்சாரம் வந்தது. சத்தம் நின்றது.

புதன்கிழமை காலை பிரஜின் கூப்பிட்டான். ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவன், நாகர்கோவில்காரர்களின் பிள்ளை, பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரத்தில்.

"சேச்சி, ஒரு காரியம் சொல்லட்டா? தேஷ்யப்படாதீங்க, கோவிக்கக் கூடாது."

"சொல்லு."

"கோயில்லேர்ந்து விளிச்சாங்க. நம்ம வ்யூவர்ல போலி முகவரி போடுற எடத்தில, பழைய ஃபைல்ல இருந்த கோயிலோட நெஜ இணைய முகவரி அப்படியே கெடந்திருக்கு. நம்ம டெஸ்ட் பதிவு ஒண்ணு நேரா கோயிலுக்கே போயி ரசீது அடிச்சிருச்சு. அங்க பூஜை பண்ற திருமேனி பாவம், மூணு வாரமா தெனமும் அந்தப் பேரைச் சொல்லிப் பூப்போட்டிட்டிருக்கார்."

விஜயலக்ஷ்மி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தொண்ணூத்தொம்பதாயிரத்துச் சொச்சம் நாளு. கணக்குப் பாத்தா இருநூத்தெழுபத்திமூணு வருஷம் வருது. அவ்வளவு ஆயுசு எதுக்கு சேச்சி ஒரு டெஸ்ட்டுக்கு?" அவன் சிரித்தான். "நானெல்லாம் 'டெஸ்ட் டெஸ்ட்'னுதான் போடுவேன். நீங்க நல்ல பேரா போட்டிருக்கீங்க."

"ரத்து பண்ணச் சொல்லேண்டா."

"சொன்னேனே. யார் பேர்ல இருக்கோ அவங்க நேர்ல வரணுமாம். அந்த ரூலுக்குப் பாஸ் போட்டதும் நீங்கதான். ஒரு தமாஷ் கேளுங்க, அப்ப வரச்சொல்லுங்கன்னேன். அவங்க சொல்றாங்க, அந்தப் பொண்குட்டி தெனமும் வருதே, பிரசாதம் வாங்கிட்டுத்தானே போவுது, ஒண்ணும் சொல்றதில்லையேன்னு."

போனை வைத்த பிறகு அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கண்ணுகளா. ஒரு தாயைத் தப்பாக நினைக்காதீர்கள். சந்தோஷம் வந்தது. ஓடிப்போய் அரிசி களைந்தாள். பூசணியும் சேனையும் நறுக்கி, தேங்காய் அரைத்து, ஜானவிக்குப் பிடித்த மொளகூட்டல் செய்தாள். அப்பளம் பொரித்தாள். அந்திக்கு விளக்கேற்றி, கூடத்தில் இலை போட்டு, வாசற்கதவை மலரத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பார்த்தால் வரமாட்டாளோ என்று தோன்றியது.

மழை கனத்தது. கேட்டின் கொண்டி தூக்கப்பட்டது, விழுந்தது. ரேழியில் ஈரக் கால்கள், செருப்பில்லாமல், ஒவ்வொரு அடிக்கும் இடையில் நெடுநேரம் விட்டு. இலை மணம் முன்னே வந்தது. நீல மருந்தின் மணம் பின்னே வந்தது. ஹ்ஸ்ஸ். டக். இலைக்கு எதிரே ஏதோ உட்கார்ந்தது. தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"ஜானு," என்றாள். "சாப்பிடும்மா. சூடா இருக்கு."

ஹ்ஸ்ஸ். டக்.

திரும்பினாள்.

ஜானவிதான். நனைந்த பாவாடை, ஒட்டிய முடி, வாயை மூடிய நீல மாஸ்க். மூச்சு கேட்டது, மாஸ்க் அசையவில்லை. மார்பு மட்டும் ஒரே அளவில் ஏறியது, இறங்கியது, வேறு யாரோ உள்ளிருந்து தூக்கி இறக்குவது போல. கண்கள் பாதி திறந்திருந்தன. இமைக்கவில்லை. கண் காயாமலிருக்க நர்ஸ் தடவிய களிம்பு இன்னும் பளபளத்தது. நெற்றியில் சந்தனம். ஒரு நாளின் சந்தனம் இல்லை. மூன்று வாரத்துச் சந்தனம், ஒன்றின் மேல் ஒன்றாக, காய்ந்து, வெடித்து, புருவத்தின் மேல் திட்டாகத் தொங்கியது.

சோறு ஆறியது. அவள் கையைச் சோற்றுக்கு நீட்டவில்லை. வலது கையை மெல்லத் தூக்கினாள். மூன்று விரல்களைச் சேர்த்தாள். தரையில் வைத்து இழுத்தாள். மூன்று கோடுகள்.

துடைத்தது இல்லை அது. வாசலில், தூணில், அடுக்களையில், எங்கும் இல்லை. பேனாவைத் தேடுகிற விரல்கள் அவை.

ஆயுள் வந்திருக்கிறது. வேறொன்றும் வரவில்லை. பெட்டி கேட்டது அதைத்தான், அவள் கொடுத்ததும் அதைத்தான்.

காலையில் இலைக்கு எதிரே யாரும் இல்லை, சோறு அப்படியே குளிர்ந்து கிடந்தது. வ்யூவரைத் திறந்து, அந்தச் சாம்பல் சதுரத்தில், ரத்து என்ற பொத்தானை எத்தனை தடவை அழுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. உரியவர் நேரில் வரவும். உரியவர் நேரில் வரவும்.

அன்று சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு கிள்ளிப்பாலம் தாண்டி நடந்தாள். ஆறு செம்மண் நிறத்தில் பொங்கி ஓடியது. தீபாராதனை முடிந்து மணி ஓய்ந்திருந்தது. ஈரச் சேலைகளும் கற்பூரப் புகையும் கலைந்துகொண்டிருந்தன. வழிபாட்டுக் கவுண்டரில் கம்பிக்குப் பின்னால் ஒரு நடுவயதுக்காரர், கிரீஷ் என்று சட்டையில் அட்டை குத்தியிருந்தது.

"பேரு, நாளு?"

அவள் வாய் திறந்தது. மூடிக்கொண்டாள். "ஒரு வழிபாட்டை நிறுத்தணும்," என்றாள். "ஜானவி. ரேவதி."

அவர் தலை நிமிர்ந்தது. "ஓ, அந்தக் குட்டியோட அம்மையா? நல்ல குட்டி. ஒரு வார்த்தை மிண்டாது. வரும், ஒப்புப் போடும், எலையை வாங்கும், போகும்." பெரிய பதிவேட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, கம்பிக்கு அடியில் தள்ளினார். "இதா பாருங்க."

பிரசாதம் வாங்கியவர் கையெழுத்து. இருபத்திரண்டு வரிகள்.

போ.

போ.

போ.

ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கோடு, நழுவி, சரிந்து, காகிதத்தின் விளிம்புக்கு வெளியே.

"இனிஷியல்னு நெனச்சேன்," என்றார் கிரீஷ். "நிறுத்தறதுன்னா கொழப்பம் ஒண்ணுமில்ல. கீழ அவ கைப்பட எழுதணும். 'போதும்'னு ஒத்த வாக்கு எழுதினா தீர்ந்துது. இல்லேன்னா இது பாட்டுக்கு நடக்கும்." அவள் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார். "இதா, ஆளே வந்தாச்சே."

ஹ்ஸ்ஸ்.

காதுக்குப் பக்கத்தில்.

டக்.

தோளுக்கு மேலே ஒரு கை நீண்டது. மணிக்கட்டில் ஊசி குத்தி, டேப் ஒட்டி உரித்த தடம். மூன்று விரல்கள். கவுண்டரில் நூல் கட்டிக் கிடந்த பேனாவைத் தொட்டன. எடுத்தன. எழுதின.

போ.

பேனா சரியத் தொடங்கியது. விஜயலக்ஷ்மி சட்டென்று தன் கையை அதன் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாகப் பிடிக்க ஏங்கிய கை. ஆற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. இந்தத் தடவை நழுவாது. இந்தத் தடவை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எழுது. எதுவானாலும் எழுது, ஜானு.

கை அசையவில்லை.

அவளும் அசைக்கவில்லை. 'தும்' என்றால் இரண்டாம் தடவை அவளே கையெழுத்துப் போட்டது ஆகும். 'காதே' என்றால் இருநூற்று எழுபத்து மூன்று வருஷம்.

"சேச்சி," என்றார் கிரீஷ், ஷட்டரைப் பாதி இறக்கியபடி. "அடைக்கணும்."

கைக்குள் கை. அதற்குள் பேனா. மணிக்கட்டிலிருந்து சொட்டிய தண்ணீரில் காகிதம் நனைந்து, 'போ'வின் முனையில் ஒரு கரும்புள்ளி ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அந்த விரல்கள் காத்திருந்தன. அம்மா எழுதட்டும் என்று.

ஹ்ஸ்ஸ்.

டக்.

அவ்வளவுதான், கண்ணுகளா. இனி கையை விடலாம், அல்லது இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருங்கள். உங்கள் வீட்டில் எழுதத் தொடங்கிய சொல் எல்லாம் எழுதி முடியட்டும். நீங்கள் எந்தக் கவுண்டரில் நின்று யார் பேரும் நாளும் சொன்னாலும், அந்தப் பேருக்கு உரியவர் அந்த நேரம் உங்கள் வீட்டில் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் மோர் விடு என்று கேட்டுக்கொண்டிருக்கட்டும். போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகட்டும். இருப்பவர்கள் நன்றாக இருக்கட்டும்.